அண்டாவுக்கு வயர் வேண்டாம்

வயரிங் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. எந்த வயர் நல்ல வயர்? நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான். வீட்டில் என்னென்ன வைக்கப் போகிறீர்கள்? இதற்கு மட்டும் யாரிடமும் பதில் இருக்காது. "நீங்க போடுங்க, பின்னாடி பாத்துக்கலாம்" என்பார்கள். பின்னாடி எதைப் பார்ப்பது? பூசின சுவருக்குள் போன வயரை யார் பார்த்தார்கள்?

பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. எட்டாவதோடு நின்ற எனக்கே தெரிகிற கணக்கு. லைட்டுக்கு ஒரு எம்.எம். ஃபேனும் சின்ன ப்ளக்கும் சேர்ந்தால் ஒன்றரை. கிரைண்டர், அயர்ன்பாக்ஸ் என்றால் இரண்டரை. ஏசி, ஹீட்டர் என்றால் நாலு, அதுவும் வீட்டுக்குள் கரண்ட் பிரிகிற டிபி பெட்டியிலிருந்து தனி லைனாக. எம்.எம். என்பது உள்ளே இருக்கிற செம்பின் அளவு. மேலே இருக்கிற உறையின் தடிமனைப் பார்த்து, "நல்லா தடியாத்தான இருக்கு" என்று சொல்கிறவர்களோடு நான் பேசுவதில்லை.

ஆக, எதை வைப்பார்கள் என்று தெரிந்தால் எந்த வயர் என்று தெரிந்துவிடும். தெரியாவிட்டால் குருட்டு வேலை. திண்டுக்கல்லில் இருபத்தைந்து வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். அதிகமும் குருட்டு வேலைதான். அதில் என்னை ரொம்பப் பாடுபடுத்தியது வெளியார் வீடு இல்லை. என் தங்கச்சி வீடு.

தங்கச்சியைக் கொடைரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு மல்லிகைத் தோட்டம். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் காங்கிரீட் வீடு கட்டினார்கள். ஒரு ஹால், இரண்டு ரூம், அடுப்படி. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன், நான், அவள், மூன்று பேர்தான். அண்ணன் ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறான். ஏலம் விட்டு ஏலம் விட்டு அவனுக்குச் சாதாரணமாகப் பேச வராது. காதோடு சொல்கிற சங்கதியையும் நாலு மூட்டைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிதான் சொல்வான்.

வயரிங் வேலையை நான் செய்து தருகிறேன், அதுதான் என் சீர் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் சந்தோஷப்பட்டாள். மாப்பிள்ளை அவளைவிடச் சந்தோஷப்பட்டார். வயர் மட்டும் அவர் வாங்க வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நாலு எம்.எம். சிவப்பும் கருப்பும் மூன்று லைனுக்கு ஆகிற மாதிரி. ஒன்று மோட்டாருக்கு, மற்ற இரண்டும் ரூமுக்கு ஒன்று. ரத வீதிக் கடைக்குப் போனவர் மோட்டாருக்கு ஆகிற மட்டும் வாங்கிக்கொண்டு, சீட்டில் மற்றதை அடித்துவிட்டு வந்தார்.

"மாப்ள, ரூமுக்கு எழுதுனத எங்க?"

"ரூமுக்கு எதுக்கு மச்சான் அம்புட்டுத் தடி வயரு? கடைக்காரரே சிரிக்கிறாரு. லைட்டும் ஃபேனும்தான எரியப் போகுது."

"ஏசி வந்தா?"

"ஏசியா? எங்களுக்கா?" வேப்பமரத்தைக் காட்டினார். "அந்தா நிக்கிது ஏசி. சன்னலத் தொறந்தா போதும்."

"பின்னாடி வந்தா?"

"வந்தாப் பாத்துக்கலாம் மச்சான்."

தங்கச்சியிடம் போனேன். எங்கள் பக்கம் புது வீடு புகும்போது பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து சீர் வரும். அப்பா அம்மா இல்லாத இடத்தில் அண்ணன்தான் செய்ய வேண்டும். அண்ணன் கை நிறையச் செய்கிற ஆள். அவன் என்ன கொண்டு வருகிறான் என்பதில்தான் என் வயர் இருக்கிறது.

"பெரியண்ணே என்ன செய்யிறாருன்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு," என்றேன்.

அவள் கையில் இருந்த பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நானா? சீர் கொண்டாரவுககிட்டப் போயி என்ன கொண்டாரீகன்னு நானே கேக்கவா? நல்லாருக்குண்ணே. எங்க மாமியா காதுல விழுந்துச்சுன்னா, கேட்டு வாங்குனவன்னு சாகுற மட்டும் சொல்லும்."

அவள் சொன்னது சரிதான். எங்களில் சீரை முன்னாடி கேட்கக் கூடாது. சொல்லவும் கூடாது. தட்டுக்கு மேல் துணி மூடி, மேளத்தோடு வந்து, சபையில் வைத்துத்தான் துணியை எடுப்பார்கள். அது வரைக்கும் வாங்குகிறவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கம் நல்ல வழக்கம்தான். கரண்ட் வருவதற்கு முன்னால் ஏற்பட்ட வழக்கம்.

வேறு வழியில்லாமல் அண்ணனுக்கு நானே போன் போட்டேன்.

"அண்ணே, தங்கச்சி வீட்டுக்கு என்ன செய்யப் போற?"

"ஏலே, சீரு என்னான்னு முன்கூட்டிக் கேக்குற மொத ஆளு இந்த சில்லாவுலயே நீதான்டா."

"என்னான்னு எனக்குச் சொல்ல வேணாம். கரண்ட்ல ஓடுறதா, ஓடாததா? அத மட்டும் சொல்லு."

"எதுக்குக் கேக்குற?"

"வயருக்கு."

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ தக்காளிக்கு ஏலம் கூவுவது கேட்டது.

"அண்டா," என்றான். "பித்தள அண்டா. பெருசு. அண்டா எங்கடா கரண்ட்ல ஓடும்?"

"நெசமாவா?"

"ஆமாங்கறேன். வையிடா போன. ஆள் நிக்கிறாங்க."

அண்டாவுக்கு வயர் வேண்டாம். இரண்டு ரூமுக்கும் சேர்த்து ஒன்றரை எம்.எம்.மில் ஒரே லைன் இழுத்தேன். நாலு லைட், இரண்டு ஃபேன், ரூமுக்கு ஒரு சின்ன ப்ளக். அதற்கு அது போதும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. டிபி பெட்டியில், லோடு கூடினால் தானாக விழுகிற டிரிப்பர் இன்னொன்றுக்கு இடம் காலியாக விட்டு வைத்தேன். கடையில் சிவப்பை முழுச் சுருளாகவும் கருப்பை அளந்து வெட்டியும் கொடுத்திருந்தார்கள். மோட்டாருக்குப் போட்டது போக நாலு எம்.எம். சிவப்பில் ஒரு சுருள் மீந்தது. கருப்பில் மீதி இல்லை. சிவப்பைத் தங்கச்சி கையில் கொடுத்தேன்.

"இதப் பரண்ல போட்டு வையி. என்னைக்காச்சும் ஆகும். யாரும் தொடக் கூடாது."

"சரிண்ணே," என்றாள்.

ரூமுக்குத் தனியாக ஒரு வெறும் பைப்பாவது புதைத்திருக்கலாம். அதை நான் செய்யவில்லை. கொத்தனார் பூச்சுக்கு அவசரப்படுத்தினார். அண்டா என்று சொன்னானே என்று விட்டுவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

விசேஷத்தன்று விடியக்காலையில் போனேன். வாசலில் பந்தல், இரண்டு பக்கமும் குலை தள்ளின வாழை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வாழையைக் கட்டியிருந்தது சிவப்பு வயர். நான் பரணில் போடச் சொன்ன நாலு எம்.எம். ஒரு வாழையில் நாலு சுற்று, அங்கிருந்து பந்தல் முகப்பு முழுக்க ஓடி, அதில் மாவிலையும் குருத்தோலையும் தொங்கி, அந்தப் பக்கத்து வாழையில் நாலு சுற்று. மிச்சத்தை மைக் குழாயைக் கட்டப் பயன்படுத்தியிருந்தார்கள்.

"யாரு இத எடுத்தது?"

பந்தல்காரர் ஏணியில் இருந்தபடியே சொன்னார். "நாந்தேன். கயிறு பத்தல. அந்தம்மாதான் பரண்ல கெடக்குன்னு எடுத்துக் குடுத்துச்சு. நல்ல வயருப்பா. கம்பி கணக்கா நிக்கிது."

அந்தம்மா என்றது தங்கச்சியின் மாமியார். நல்ல வயர் என்று அந்த ஊரில் ஒரே ஆளுக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் அதில் வாழையைக் கட்டிவிட்டார். உள்ளே போனேன்.

பால் காய்ச்சி முடிந்தது. இட்லிப் பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. அண்ணன் வந்தான். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. முன்னால் அண்ணியும் அவள் பக்கத்துப் பெண்களும் தட்டு ஏந்தி வந்தார்கள். பழம், பூ, சேலை, அரிசி, விளக்கு. தட்டுக்குப் பின்னால் ஒரு சரக்கு ஆட்டோ. அதில் மஞ்சள் துணி போர்த்தி, மாலை போட்டு ஒரு பெட்டி. நீளமான பெட்டி. அதன் பின்னால் சதுரமாக இன்னொரு பெட்டி.

நீளமான அண்டாவை நான் பார்த்ததில்லை.

சபை நடுவில் பெட்டியை வைத்துத் துணியை எடுத்தார்கள். மைக்கில் ஒருவர், "பொறந்த வீட்டுச் சீர், மூத்த அண்ணன், ஒன்றரை டன் ஏசி ஒன்று," என்று சொன்னார். சொன்னதை இன்னொரு தடவையும் சொன்னார். விசிலடித்தார்கள். தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் பெட்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அண்ணன் கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடிப் பிடித்து, "எப்பிடி?" என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினான்.

பக்கத்தில் போனேன். "அண்டா எங்க?"

"சொன்னா நீ அவகிட்ட ஓதிருவ. அப்பறம் துணிய எடுக்கையில என்னடா இருக்கு?"

"கரண்ட்ல ஓடுறதான்னு கேட்டேன்ல."

"அதுக்கு இப்ப என்ன? வீட்ல கரண்ட் இல்லையா?"

மாட்டுவதற்கும் இரண்டு பேரைக் கையோடு கூட்டி வந்திருந்தான். மதியப் பந்தி முடிந்து சபை கலைவதற்குள் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அவன் பேச்சு. அந்த இரண்டு பேரும் வேலையில் கெட்டி. சுவரில் ஓட்டை போட்டு, பெட்டியை மேலே ஏற்றி, செம்புக் குழாயை வெளியே இழுத்து, பதினொரு மணிக்கெல்லாம் முடித்துவிட்டார்கள். மாட்டினது முதல் ரூமில். தங்கச்சியும் அவளுடைய ஐந்து வயது மகளும் படுக்கிற ரூம்.

"ஏசி பாயிண்ட் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டார் ஒருவர்.

"இல்ல."

அவர் சுவரைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ப்ளக்கைக் காட்டினார். "இதுல குடுத்துருவோம்ணே. டெம்பரவரியா. போற வீட்லல்லாம் அப்பிடித்தான் குடுக்குறோம்."

"குடுத்துட்டு?"

"குடுத்துட்டு வந்துருவோம்."

ஒன்றரை எம்.எம். லைன். அதில் ஏற்கனவே இரண்டு ரூமும் தொங்குகிறது. வேண்டாம் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போய் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் வந்தான், பின்னாலேயே மாப்பிள்ளை, அவர் பின்னால் தங்கச்சி, கடைசியில் அவள் மாமியார். ரூம் நிறைந்துவிட்டது.

"என்னடா, குடுக்க மாட்டேங்கிறியாமே?"

"வயரு தாங்காது."

"அஞ்சு நிமிசம் ஓட்டிக் காட்டிட்டு நிப்பாட்டிருவோம்."

"மாட்டேன்."

தங்கச்சி என் கையைப் பிடித்தாள். "அண்ணே. அஞ்சே அஞ்சு நிமிசம். இவுக சாப்ட்டுப் போற வரைக்கும். அப்பறம் நீ என்ன வேணாலும் பண்ணிக்க."

மாமியார் யாரையும் பார்க்காமல், மேலே இருந்த ஏசியைப் பார்த்துப் பேசினார். "ஒங்க வீட்டுச் சீரு ஓடுமாய்யா, இல்ல மாட்டி வெச்சுக் கும்பிடத்தானா?"

தங்கச்சி முகம் செத்துப்போனது. அந்த ஒரு வார்த்தையை அவள் எத்தனை வருடம் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். அவனும் வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து நாளும் ஓடியிருக்கும். ஓடுவதுதான் சனியன். அளவு குறைந்த வயர் போட்டவுடன் டப்பென்று வெடித்தால் என் பாடு சுலபம். எல்லாரும் கேட்பார்கள். அது வெடிக்காது. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி ஓடும். உள்ளே சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும். ஊருக்குள் ஒரு வீட்டில் போர்டைக் கழற்றினால் வயரின் உறை வெல்லப்பாகு மாதிரி இழுத்தது. அவர்களும் நல்லாத்தான் ஓடுது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான். இங்கேயும் ஐந்து நிமிடம் ஓடிவிட்டால், நாளைக்கு நான் வயர் மாற்ற வந்தால், "நல்லாத்தான ஓடுது மச்சான், எதுக்கு?" என்பார் மாப்பிள்ளை. வெயில் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தாயும் மகளும் அதற்குள் படுப்பார்கள்.

இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. அவ்வளவு பேச எனக்கு வராது. ஹாலுக்குப் போனேன். டிபி பெட்டியைத் திறந்து அந்த லைனின் டிரிப்பரை இறக்கினேன். டிரிப்பரையே கழற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

அண்ணன் கத்தினான். "டேய், எஞ் சீரக் கெடுக்கணும்னே வந்தியாடா?"

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாலு எம்.எம். வேணும்," என்றேன். "கெடச்சா ஒரு மணி நேரத்துல ஓடும்."

மாப்பிள்ளை கொடைரோட்டில் தெரிந்த கடைக்குப் போன் போட்டார். முகூர்த்த நாள். கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். திண்டுக்கல் போய் வந்தால் சபை கலைந்துவிடும்.

"இப்ப என்ன பண்றது மச்சான்?"

வாசலைக் காட்டினேன். "வாழைய அவுக்கணும்."

மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "நல்ல நாளு அதுவுமா வாழையச் சாய்க்கவா? சாமி, அது ஆகாதுய்யா."

"சாயாம ஆள் பிடிக்கட்டும்."

பந்தல்காரரிடம் உண்மையிலேயே கயிறு இல்லை. பஸ் ஏறிப் போய் வாங்கி வர ஆளை அனுப்பினார். அது வரைக்கும் ஒரு வாழையை அவர் பிடித்துக்கொண்டார், இன்னொன்றை மாப்பிள்ளை. வீட்டுக்காரர் வாசலில் வாழையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க, அப்போதுதான் பஸ் இறங்கின சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அவர் ஒரு கையால் கும்பிட்டார். "என்ன மாப்ள, வாழ ஓடிப் போகுதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "உள்ள போங்க சித்தப்பா, சாப்புடுங்க," என்றார் மாப்பிள்ளை. அவர் வேப்பமரத்தைக் காட்டினது எனக்கு ஞாபகம் வந்தது.

வயரை அவிழ்த்துக் கொண்டு வந்து விரலுக்குள் விட்டு ஓட்டிப் பார்த்தேன். ஆணியில் முறுக்கின இடத்தில் உறை உரிந்திருந்தது. அதை வெட்டி எறிந்தேன். பந்தலில் அதைத் துண்டு போடாமல் முழுசாகக் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம். இரண்டு நீளத்துக்குச் சரியாக இருந்தது. இரண்டும் சிவப்பு. நியூட்ரலாகப் போகிற வயரின் இரண்டு நுனியிலும் அடையாளத்துக்குக் கருப்பு டேப்பைச் சுற்றினேன். எர்த்துக்கு இரண்டரை எம்.எம். பச்சை என் வண்டிப் பெட்டியில் கிடந்தது. டிரிப்பரும் இருந்தது.

மெயினை இறக்கினேன். மைக் நின்றது. ஃபேன்கள் நின்றன. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் சாம்பாரோடு என்னைப் பார்த்தார்கள். "ஏப்பா, சோத்துல கைய வச்சப்பறமா கரண்ட நிறுத்துவ?" என்றார் ஒருவர். "பாட்டாச்சும் கேட்டுக்கிட்டு இருந்தோம்," என்றார் இன்னொருவர். எனக்குக் கோபம் வரவில்லை. இலையை வைத்து விசிறிக்கொண்டார்கள். விசிறட்டும்.

ஹாலில் இருக்கிற டிபி பெட்டியிலிருந்து ரூம் போர்டு வரைக்கும் மேல் காங்கிரீட்டுக்குள் முக்கால் இஞ்சு பைப். அதற்குள் பழைய ஒன்றரையும் பழைய பச்சையும் இருக்கின்றன. பழைய பச்சையின் இந்த நுனியில் புது மூன்றையும் கட்டி, அந்த நுனியை ரூமிலிருந்து இழுத்தால் பச்சை வெளியே வரும், புதுசு உள்ளே போகும். ஒருத்தன் இழுக்க வேண்டும், ஒருத்தன் இந்தப் பக்கம் வளைவு இல்லாமல் உள்ளே தள்ளிக் கொடுக்க வேண்டும். ஏசி மாட்ட வந்த இருவரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

"அண்ணே, வா," என்றேன்.

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

வந்தான். ஸ்டூலில் ஏறினான். தங்கச்சி மகளின் பவுடர் டப்பாவை வாங்கி வயர் மேல் தூவிக் கொடுத்தேன். வயரைக் கையில் வாங்கினவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு எதுக்குடா பவுடரு?"

"வழுக்கும். நான் தள்ளுன்னா நீ தள்ளு. நில்லுன்னா நில்லு."

ரூமுக்குப் போய் போர்டைக் கழற்றிப் பழைய பச்சையின் நுனியைப் பிடித்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.

"தள்ளு."

"தள்றேன்டா."

"அமுக்காத. மெல்ல. நேராக் குடு."

"நேராத்தான்டா குடுக்கேன். ஏலே, போகுது, போகுது."

பாதி தூரம் நன்றாகப் போனது. ஃபேன் பெட்டியைத் தாண்டினதும் வளைவில் நின்றுவிட்டது. இழுத்தேன், வரவில்லை. முழு பலத்தோடு இழுத்தால் பச்சை அறுந்துவிடும். அறுந்தால் அன்றைக்குக் கதை முடிந்தது.

"என்னடா?"

"மாட்டிக்கிச்சு. பின்னாடி ஒரு முழம் இழு. மறுபடி குடு."

"இழுத்தா வராதுடா."

"வரும். இழு."

இழுத்தான், தள்ளினான், இழுத்தான். அவன் மூச்சு வாங்குவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஹாலில் மூன்றாம் பந்திக்குக் காத்திருந்தவர்கள் கூடி நின்று யோசனை சொன்னார்கள். எண்ணெய் ஊற்றச் சொன்னார் ஒருவர். "ஏலத்துல வாய் மட்டுந்தான் போலிருக்கு, கைய காணோமே," என்று யாரோ அண்ணனைக் கிண்டலடித்தார்கள். "வந்து ஏறிப் பாருங்க, தெரியுமுங்க," என்றான். வெளியாரிடம் பேசும்போது அவனுக்கு ஒட்டன்சத்திரத்து மரியாதை தானாக வந்துவிடும். என்னிடம் வராது.

நாலாவது தடவை வளைவில் ஏதோ விட்டுக்கொடுத்தது கையில் தெரிந்தது.

"இப்பக் குடு. விடாத. குடு, குடு."

சிவப்பு நுனி வெளியே வந்தது. கருப்பு டேப் சுற்றினது அதன் பின்னால். பச்சை அதன் பின்னால். உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. உட்காரவில்லை.

அண்ணன் ரூமுக்கு வந்தான். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, கையெல்லாம் பவுடர். தரையில் கிடந்த பழைய பச்சையை எடுத்தான். ஒன்றரை எம்.எம். அதை ஒரு கையிலும், புதுசின் நுனியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றான்.

"இதுலயாடா குடுக்க இருந்தானுக?"

"ம்."

என் வேட்டி மடிப்பில் இருந்த டிரிப்பரைப் பார்த்தான். "அத எடுத்து வெளிய வையி. பாக்க நல்லால்ல," என்றான்.

ஏசி மாட்டுகிறவர்களின் பையில் பெரிய ப்ளக் பெட்டி இருந்தது. அதைச் சுவரில் ஏற்றினேன். பழைய ப்ளக்கின் எர்த்தையும் புதுப் பச்சையோடு சேர்த்தேன். காலி இடத்தில் புது டிரிப்பரை வைத்தேன், பழையதை அதன் இடத்தில் போட்டேன், மெயினை ஏற்றினேன். மைக்குக்கு உயிர் வந்தது. ஏசி இரண்டு தடவை கூவிவிட்டு வாயைத் திறந்தது.

மாப்பிள்ளை பக்கத்துச் சனம் அலையலையாக வந்து ரூமில் நின்று குளிர்ந்துவிட்டுப் போனது. மாமியார் கட்டிலின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "எங்க மருமக பொறந்த வீட்டுச் சீரு," என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். தங்கச்சி வாசல்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "நீ இன்னும் சாப்புடலையேண்ணே," என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கடைசிப் பந்தியில் பொரியல், கூட்டு என்று வெஞ்சனமெல்லாம் தீர்ந்திருந்தது. ரசமும் அப்பளமும் கிடைத்தன.

கை கழுவிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார். வாழையை விட்டுவிட்டு வந்திருந்தார். கயிறு வந்துவிட்டது.

"மச்சான்."

"சொல்லுங்க மாப்ள."

"அதான் நாலு எம்.எம். போட்டாச்சுல்ல. அதுலயே ஹீட்டர் ஒண்ணும் சேத்து மாட்டிக்கலாமா? பாத்ரூம் அந்தப் பக்கம்தான் இருக்கு."

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். வண்டிப் பெட்டியிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து வந்து டிபி பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதினேன். ஏசி மட்டும். எழுதினதற்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். எழுத்து கோணல்தான். படிக்கலாம்.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "சும்மா கேட்டேன் மச்சான்," என்றார்.

போன மாதம் அண்ணன் போன் போட்டான். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். மூத்த தாய்மாமன் அவன்தான், அவன் மடியில்தான் பிள்ளை உட்காரும்.

"ஏலே, காதுகுத்துக்கு என்ன செய்யிறேன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா சொல்லவா போற?"

"இந்தத் தடவ சொல்றேன்டா. அண்டா."

நான் வண்டிப் பெட்டியைத் திறந்து கருப்பு டேப் மீதி இருக்கிறதா என்று பார்த்தேன்.

"நெசமா அண்டாதான்டா. பித்தள. எம் புள்ளைக மேல சத்தியமா."

"சரிண்ணே," என்றேன்.

போனை வைத்துவிட்டு ரத வீதிக்குப் போய் நாலு எம்.எம். சிவப்பில் ஒரு சுருள், கருப்பில் ஒரு சுருள் வாங்கி என் வீட்டில் வைத்திருக்கிறேன். தங்கச்சியிடம் கொடுக்கவில்லை. கூடவே கயிறும் ஒரு கட்டு.